நேற்று என்ன எழுதியிருந்தது?



சென்ற மாதம் எமது வானொலியில் பதிவேடுகள் பற்றிப் பேசத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் நிறுத்தினேன். மிகுதியையும் எழுத்தில் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். அந்தப் பேச்சையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். முதலில் என்னுடைய மானம் போன கதை ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். ஊரில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குக் கூரை போடுவதற்காக அறுபத்துமூன்று குடும்பங்களிடம் பணம் சேர்த்தோம். யார் எவ்வளவு தந்தார் என்பதை இணையத்தில் ஓர் அட்டவணையில் பதிந்து வந்தோம். நிர்வாகத்தில் ஐந்து பேருக்கு அதில் எழுத அனுமதி இருந்தது. கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் அதைச் சுவரில் பெரிதாகக் காட்டியபோது, நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்று அழைக்கும் ஒரு முதியவரின் பெயருக்கு நேரே சைபர் கிடந்தது.

"ஐந்நூறு குரோனர் உன்ரை கையிலைதானே தந்தனான், தம்பி" என்றார் அவர்.

எனக்கு நினைவில்லை. மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் தேநீரைத் தொடாமல் எழும்பிப் போனார். அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் வரவில்லை. வீட்டில் என் மனைவி கேட்டார்: "பெரியப்பா பொய் சொல்லுற ஆளோ?"

கடைசியில் வழி காட்டியவர் நிர்வாக உறுப்பினர் ஒருவரின் மகன், உயர்தர வகுப்பில் படிக்கிற பையன். "மாமா, அந்த அட்டவணையின்ரை பழைய வடிவங்களைப் பார்த்தனீங்களோ?" என்றான். பார்க்கவில்லை. காலை முதல் மாலை வரை அலுவலகத்தில் இதே வேலையைச் செய்கிறவன், சங்கத்துக் கணக்கில் அதைச் செய்யவில்லை. அவன் இரண்டு தடவை சுட்டியை அழுத்தினான். எந்த நாளில், எந்த நேரத்தில், யார், எந்தக் கட்டத்தை மாற்றினார் என்பது வரிசையாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11.38க்கு, பெயர்களை அகர வரிசைப்படுத்த முயன்ற ஒருவர், பெயர்கள் உள்ள நிரலை மட்டும் தெரிவு செய்து அடுக்கியிருந்தார். பெயர்கள் இடம் மாறின; தொகைகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. பெரும்பாலானோர் முந்நூறு குரோனர் தந்திருந்தபடியால் மாறியது எவர் கண்ணிலும் படவில்லை. பெரியப்பாவின் ஐந்நூறு வேறொருவருக்குப் போய், இன்னும் பணம் தராத ஒருவரின் சைபர் அவருக்கு வந்திருந்தது. அந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் நின்ற பெயர் என்னுடையது.

அடுத்த நாள் அதை அச்சடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதிலை உன்ரை பேரெல்லே கிடக்கு. நீ ஏன் அதை அழிக்கேல்லை?"

"அழிக்க ஏலாது, பெரியப்பா."

"ஏலுமெண்டால் அழிச்சிருப்பியோ?"

அந்தக் கேள்விக்கு நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஓர் ஆவல். ஒரு பதிவேட்டில் இப்போது இருப்பதை மட்டும் பார்க்காமல், நேற்று என்ன இருந்தது, யார் மாற்றினார் என்று பார்க்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? கணனிக்கு முன்னர் அது எப்படி இருந்தது? தேடிப் பார்த்தபோது, அந்தக் கதையில் எம்மவர்களுக்கு நான் நினைத்ததைவிடப் பெரிய இடம் இருந்தது.

வணிகவியல் படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஏட்டில் பிழையாக எழுதினால் சுரண்டி அழிக்காதே. ஒரு கோடு போட்டு வெட்டு. வெட்டிய தொகை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சரியானதை மேலே எழுதி, சிறு கையொப்பம் வை. பெரிய பிழையென்றால் வெட்டவும் வேண்டாம்; எதிர்ப் பதிவு ஒன்றைப் போட்டு நேராக்கு. டென்மார்க்கின் 1998ஆம் ஆண்டுக் கணக்குப் பதிவுச் சட்டம் இதையே சட்டமாக்கியது. அதில் கொன்ட்ரோல்ஸ்போர் என்றொரு சொல் வரும். ஸ்போர் என்றால் அடிச்சுவடு. ஒரு தொகை எந்தப் பற்றுச்சீட்டிலிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அடிச்சுவடு பார்த்து நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது கருத்து. 2022இல் வந்த புதிய சட்டம், கணக்கைக் கணனியில் வைத்திருக்கச் சொல்வதோடு, அதற்கான மென்பொருளும் பதிந்ததைப் பின்னர் அழிக்கவோ திகதியைப் பின்னுக்குத் தள்ளவோ இடம் கொடுக்கக்கூடாது என்கிறது. இங்கே கடை, உணவகம் வைத்திருக்கும் எம்மவர்கள் இதைத் தொல்லை என்று என்னிடம் திட்டுவதுண்டு. வரி அதிகாரியோடு வாக்குவாதம் வரும் நாளில் அதே அடிச்சுவடுதான் அவர்களுக்குச் சாட்சி.

ஊரில் கணக்கேடு பார்த்திராதவர்களும் காணி உறுதி பார்த்திருப்பீர்கள். உறுதியின் கடைசியில் நொத்தாரிசு ஒரு பந்தி எழுதுவார். வாசித்துக் காட்டினேன், இன்னின்ன சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டார்கள் என்று போகும் அந்தப் பந்தியில், இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல் வெட்டப்பட்டது, இன்ன சொல் இடையில் சேர்க்கப்பட்டது, அவை ஒப்பமிடுவதற்கு முன்னரே செய்யப்பட்டன என்றும் இருக்கும். சிறுவயதில் அதை வாசித்து, பிழைவிட்டதை இவ்வளவு பகிரங்கமாகச் சொல்ல வேண்டுமா என்று யோசித்திருக்கிறேன். சொல்லத்தான் வேண்டும் என்கிறது இலங்கையின் நொத்தாரிசுச் சட்டம். சொல்லாத திருத்தம், பின்னர் யாரோ களவாகச் செய்த திருத்தமாகிவிடும். அதோடு உறுதி ஒன்றல்ல, மூன்று: ஒன்று காணிக்காரரிடம், ஒன்று காணிப் பதிவகத்துக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவையில். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில், சமையல் பாத்திரத்தை விட்டுவிட்டு உறுதிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்தப் பை தொலைந்தவர்களுக்கும் காணி தொலையாமல் போனதென்றால், அந்த மற்றப் பிரதிகள்தான் காரணம்.

பிரதி என்றதும் இந்த ஒடென்சே நகரம் நினைவுக்கு வருகிறது. எமது நகரத்தின் பிள்ளை ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1805 ஏப்ரல் 2ஆம் திகதி பிறந்து, இங்குள்ள சங்க்ட் ஹான்ஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தக் காலத்தில் பிறப்பு, திருமணம், மரணம் எல்லாம் தேவாலயப் பதிவேட்டில்தான் எழுதப்பட்டன. ஒரேயொரு ஏடு, எழுதுகிறவர் பாதிரியார். தேவாலய வீடு எரிந்தால் அந்த ஊரே பிறக்காதது போலாகிவிடும். ஆகவே 1812இல் ஒரு அரச கட்டளை வந்தது. இனிமேல் ஏடு இரண்டு. ஒன்றைப் பாதிரியார் எழுதுவார், மற்றதைத் தேவாலயத்தின் எழுத்தர் எழுதுவார். இரண்டும் ஒரு இரவுகூட ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது! இரண்டும் இன்றைக்கு டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. புரட்டிப் பார்த்தால் பக்க ஓரங்களில் பிற்காலத்து மைகளில் குறிப்புகள் இருக்கும்: இவர் பின்னர் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டார், இவர் தத்துக் கொடுக்கப்பட்டார் என்பது போல. முதலில் எழுதிய வரியை யாரும் தொடவில்லை. ஒரு மனிதரின் பெயருக்கும் அதன் திருத்தத்துக்கும் ஒரே பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஒரே கூரையின் கீழ் வைக்கக்கூடாது என்ற அந்த வரியை வாசித்தபோது என் மனம் 1981க்குப் போய்விட்டது. மே 31 இரவு தொடங்கிய யாழ்ப்பாண எரிப்பில் பொது நூலகம் எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின என்பார்கள். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனையோ. எமக்கு இரண்டாவது கூரை இருக்கவில்லை.

டென்மார்க்குக்குத் திரும்புகிறேன். 1968 ஏப்ரல் 2ஆம் திகதி சிபிஆர் என்ற மத்திய ஆட்பதிவேடு கணனியில் தொடங்கியது. (அன்டர்சனின் பிறந்தநாள் என்பதற்காகத் தெரிந்தெடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.) எங்கள் எல்லோரிடமும் உள்ள அந்தப் பத்து இலக்கம் அதிலிருந்து வருவது. முன்னர் ஒவ்வொரு கொம்யூனிலும் அட்டையில் இருந்தது ஒரே இடத்துக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் வீடு மாறும்போது பழைய விலாசத்தின் மேல் புதியது எழுதப்படுவதில்லை. பழையது, வந்த நாளும் போன நாளும் இட்டு, பின்னால் நிற்கும். பெயர் மாறினாலும் அப்படியே. பிறந்த திகதி திருத்தப்பட்டுப் புதிய இலக்கம் கொடுக்கப்பட்டாலும், பழைய இலக்கம் புதியதோடு இணைக்கப்பட்டே இருக்கும்.

தகப்பன் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகி, ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் நாங்கள். ஒரு காகிதத்தில் ஒரு எழுத்து, இன்னொரு காகிதத்தில் வேறு எழுத்து. ஓய்வூதியத்துக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, 1980களில் எந்த முகாமில் இருந்தேன், எந்தத் திகதியில் எந்தக் கொம்யூனுக்கு வந்தேன் என்று கேட்டால் மூளையைக் கசக்குகிறோம். பழைய விலாசங்களும் சேர்ந்த வதிவிடச் சான்றிதழ் கேட்டால் கொம்யூனில் தருவார்கள். உங்கள் ஞாபகத்தைவிட அது நல்லது. நான் எனக்காக எடுத்துப் பார்த்ததில், மூன்று மாதம் மட்டும் இருந்து மறந்தே போன ஓர் அறையின் விலாசம் இருந்தது. அந்த அறையின் ஜன்னல்கூட நினைவுக்கு வந்தது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். டெனிஷ்காரரிடம் பதிவேடு, கோப்பு, யார் எப்போது மாற்றினார் என்று கேட்டால், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சொல்லும் பெயர் எங்களுடைய பெயர்: தமிழர் விவகாரம்.

சுருக்கமாகச் சொல்கிறேன்; இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. 1983ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்டவருக்குத் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளச் சட்ட உரிமை இருந்தது. 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கவனிக்காமல் நிறுத்தி வைக்கச் செய்தார். சட்டம் மாறவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை. விண்ணப்பங்கள் குவியலின் அடிக்குப் போயின. யுத்தத்துக்குள் இருந்த மனைவிமாரும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். இங்கே கணவன்மார், விசாரணையில் இருக்கிறது என்ற பதிலோடு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு என்னவென்று உங்களில் சிலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1989இல் ஒம்புட்ஸ்மன் இதைச் சட்டவிரோதம் என்று கண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி பிரதமர் போல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்று சொன்னார். அந்த ஒரு வசனம் அவரை விடவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோன்ஸ்லெட் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. அது செய்த வேலையை ஒரு கணக்காளனாகப் பார்க்கிறேன். அமைச்சின் கோப்புகள், குறிப்புகள், கடிதங்கள், சாட்சிகளின் வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி, எந்த நாளில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்த்தார்கள். கொன்ட்ரோல்ஸ்போர்! அறிக்கை 1993 ஜனவரி 14ஆம் திகதி வெளிவந்தது. 2,000 பக்கங்களுக்கு மேல். அன்றே ஸ்லூட்டர் பதவி விலகுவதாக அறிவித்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த அரசு, எங்களுடைய விண்ணப்பப் படிவங்களால் விழுந்தது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் அரச நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. அந்த நீதிமன்றம் அதற்கு முன் கூடியது 1910இல். அதற்குப் பின் கூடி 2021இல் இங்கர் ஸ்டொய்பெயருக்கு அறுபது நாள் சிறை விதித்ததும் ஒரு புகலிட விவகாரத்தில்தான்.

இதில் என்னைத் தொடுவது தண்டனை அல்ல, அது சின்னத் தண்டனை. கோப்பில் திகதி இருந்தது. யாரோ ஓர் எழுதுநர் பெறுகை முத்திரை குத்தி, இலக்கமிட்டு வைத்த படிவம், ஆறு ஆண்டுகளுக்குப் பின் பிரதமருக்கு எதிராகப் பேசியது. அந்தப் படிவங்கள் ஒரு கணனித் திரையில், கடைசி நிலை மட்டும் தெரியும்படி இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? "விசாரணையில் உள்ளது." அவ்வளவுதான்.

கணனிகளுக்கு அந்தப் புத்தி எப்போது வந்தது என்று அடுத்ததாகத் தேடினேன். ஆரம்பத்தில் கணனியின் இயல்பே மறதி. இடம் விலை கூடியது. புதியது வந்தால் பழையதன் மேல் எழுதிவிடும். நிரல் எழுதுகிறவர்கள்தான் முதலில் கஷ்டப்பட்டார்கள். நேற்று ஓடிய நிரல் இன்றைக்கு ஓடவில்லை, யார் எதை மாற்றினார்? 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொக்கைன்ட் என்பவர், ஒரு கோப்பின் எல்லாத் திருத்தங்களையும் சேமித்து வைத்து, கேட்ட வடிவத்தைத் திருப்பித் தரும் மென்பொருள் ஒன்றைச் செய்தார். முழுக் கோப்பையும் திரும்பத் திரும்பச் சேமிக்காமல், வேறுபட்ட வரிகளை மட்டும் சேமிப்பது அதன் உபாயம். பல ஆண்டுகள் இது நிரலாளர்களின் தொழில் இரகசியம் போலவே இருந்தது.

பொதுசனத்தின் கைக்கு அது வந்தது விக்கி மூலமாக. 1995இல் வோர்ட் கன்னிங்ஹாம் என்பவர் யாரும் திருத்தக்கூடிய இணையத்தளத்தை ஆரம்பித்தார். 2001 ஜனவரி 15இல் விக்கிப்பீடியா தொடங்கியது. யாரும் திருத்தலாம் என்றால் யாரும் கெடுக்கலாம். பழையதைப் பார்க்கவும் திருப்பிப் போடவும் வசதி இருந்தபடியால்தான் அந்தக் கதவைத் திறந்துவைக்க முடிந்தது. ஆனால் ஒரு வேடிக்கை: முதல் ஆண்டில் பாவித்த மென்பொருள், பழைய வடிவங்களைச் சில காலத்துக்குப் பின் எறிந்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்கும் பழைய பழக்கம். அதனால் விக்கிப்பீடியாவின் முதல் மாதங்களின் வரலாறே தொலைந்துவிட்டதென்று நினைத்திருந்தார்கள். 2010 டிசம்பரில் ரிம் ஸ்டார்லிங் என்ற அதன் நிரலாளர், பழைய கோப்புகளுக்குள் 2001ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். இங்கேயும் காப்பாற்றியது இரண்டாவது பிரதி.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, ஆரம்பகாலக் கட்டுரைகள் பலவற்றை எழுதி, தனியொருவராகவே வெகுகாலம் தூக்கிச் சுமந்தவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர். கனடா இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டு இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று அதில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள். 2005இல் எம்மவர்கள் தொடங்கிய நூலகம் திட்டமும் அதே விக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஆசிரியர் யார், வெளியீடு எங்கே, எந்த ஆண்டு என்று தரவுகள். யாழ் நூலகத்துக்கு இல்லாத இரண்டாவது கூரை இப்போது இணையத்தில் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது? தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு கட்டுரையைத் திறந்தால் மேலே "வரலாற்றைக் காட்டவும்" என்று இருக்கும். கைத்தொலைபேசியில் பக்கத்தின் அடியில் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற வரியை அழுத்துங்கள். வங்கிக் கூற்றுப் போல ஒரு பட்டியல் வரும். புதியது மேலே, பழையது கீழே. நாள், நேரம், செய்தவரின் பெயர், கூடியது குறைந்தது எத்தனை பைட், ஏன் செய்தார் என்று ஒரு வரி. (நேரம் வழமையாக உலகப் பொது நேரம், டென்மார்க்குக் கோடையில் இரண்டு மணித்தியாலம் கூட்டுங்கள். பைட் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: தமிழில் "கா" என்று ஒரு எழுத்து எழுதினாலே ஆறு பைட்.) இரண்டு வரிகளைத் தெரிவு செய்து ஒப்பிடச் சொன்னால், இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது, மாறிய சொற்கள் நிறமிட்டு வரும். முன்பு கணக்கு இல்லாமல் எழுதியவர்களுக்கு அவர்களுடைய இணைய இலக்கம் தெரிந்தது; அண்மைக்காலமாகத் தற்காலிகப் பெயர் ஒன்று கொடுக்கிறார்கள்.

ஒடென்சே புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து நூலகத்தில் ஒருநாள் எங்கள் பிள்ளை ஒருவர் சோர்ந்துபோய் இருந்தார். இலங்கைப் பிரச்சினை பற்றிப் பாடசாலைக் கட்டுரை. இணையத்தில் வாசித்து ஒரு வசனம் எடுத்திருக்கிறார். ஆசிரியர் திறந்து பார்த்தபோது அந்த வசனம் அங்கே இல்லை. "நான் சோடிச்சு எழுதினதெண்டு நினைக்கினம், அங்கிள்." நாங்கள் வரலாற்றைத் திறந்தோம். அவர் வாசித்த நாளில் வசனம் இருந்தது. இரண்டு நாளின் பின் ஒருவர் எடுத்திருக்கிறார். அடுத்த நாள் இன்னொருவர் போட, மற்றவர் மறுபடி எடுத்திருக்கிறார். எங்கள் யுத்தம் அங்கேயும் நடக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த இழுபறியைத் தணிக்கவென்றே தன்னார்வலர்கள் இலங்கை நல்லிணக்கத்துக்கென ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு நான் காட்டியது இதுதான்: ஒவ்வொரு பழைய வடிவத்துக்கும் தனி இணைய முகவரி உண்டு. வரலாற்றுப் பட்டியலில் திகதியை அழுத்தினால் வரும். அதை எடுத்துக் கட்டுரையின் அடியில் போட்டால், ஆசிரியர் அடுத்த வருடம் திறந்தாலும் அன்று அவர் வாசித்தது அப்படியே வரும். அவர் அந்த இழுபறியையே கட்டுரையில் ஒரு பகுதியாக்கினார்.

ஆனால் வரலாறு தெரிவதால் உண்மை தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. யார் எழுதினார் என்றுதான் அது சொல்லும்; எழுதியது சரியா என்று சொல்லாது. பெரியப்பாவின் விடயத்தில்கூட, நான் முதல் நாளே அவருடைய பணத்தைப் பதிய மறந்திருந்தால் எந்த வரலாறும் அவரைக் காப்பாற்றியிராது.

அதோடு, எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டக்கூடாது என்பதை அகதிகளாக வந்த எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஊரில் இருக்கும் உறவினரின் பெயரோ விலாசமோ தவறி ஒரு பக்கத்தில் ஏறிவிட்டால், மேல் வடிவத்தில் அழித்தது போதாது. பழைய வடிவத்தில் அது கிடக்கும். நிர்வாகிகளிடம் கேட்டு அந்த வடிவத்தையே மறைப்பிக்க வேண்டும்; அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சிபிஆரில் உங்கள் பெயர், விலாசத்துக்குப் பாதுகாப்புக் கேட்கலாம். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுச் சட்டம், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கவும், சில சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. மருத்துவத் தரவுக்கு இன்னொரு வழியும் உண்டு. சுன்ஹெத் இணையத்தளத்தில் மிட்ஐடியோடு உள்ளே போனால், உங்கள் மருத்துவக் குறிப்புகளை எவர் எப்போது திறந்து பார்த்தார் என்ற பட்டியல் இருக்கிறது. மாற்றியவர் மட்டுமல்ல, பார்த்தவரும் அடிச்சுவடு விட்டுப் போகிறார். வயதான அம்மா, அப்பாவுக்குப் பிள்ளைகள் ஒருநாள் பக்கத்தில் இருந்து காட்டுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு திருத்தம். சென்ற மாதம் வானொலியில் பேசும்போது, சிபிஆர் ஆட்பதிவேடு 1970இல் தொடங்கியது என்று சொல்லிவிட்டேன். தவறு. 1970 என்பது சம்பளத்தில் வரியைக் கழித்துக்கொள்ளும் முறை வந்த ஆண்டு. வரி ஆண்டுதான் என் வாயில் முதலில் வரும். ஆட்பதிவேடு தொடங்கியது, மேலே எழுதியபடி, 1968 ஏப்ரல் 2. அந்தப் பேச்சின் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டித் தரட்டுமா என்று நிலையத்துத் தம்பி கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.